படக்கடை மகாத்மியம்

இணையத்தில் படம் விற்கும் பெரிய கடைகளைத் திருட்டுக்குத் துணைபோகிறவை என்று சிலர் ஏசுகிறார்கள். நன்றிகெட்ட உலகம். ஒருவருடைய சொத்து அவரிடமே முடங்கிக் கிடக்காமல் நாலு கை மாறிப் புழங்கவேண்டும் என்று அல்லும் பகலும் உழைக்கும் இந்தப் புண்ணியவான்களைப் பாட ஒரு புலவர்கூட முன்வரவில்லை. ஆகவே அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் கேரல் ஹைஸ்மித்தின் கதையிலிருந்தே தொடங்கலாம். தம் நாட்டை ஊர் ஊராகச் சுற்றிப் படமெடுத்து, 1988 முதல் அவற்றைக் காங்கிரஸ் நூலகத்துக்குச் சும்மா கொடுத்தவர். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. விலையில்லாத பொருளை யார் மதிப்பார்கள்? அந்தக் குறையைத் தீர்க்க கெட்டி இமேஜஸ் முன்வந்தது. அம்மையாரின் 18,000-க்கும் மேற்பட்ட படங்களைத் தன் கடையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் விலை போட்டது. அலமி என்ற இன்னொரு கடையும் இந்தத் திருப்பணியில் சேர்ந்துகொண்டது.

2015 டிசம்பரில் அம்மையாரின் அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் வந்தது. உங்கள் இணையதளத்தில் உரிமம் வாங்காமல் ஒரு படத்தைப் போட்டிருக்கிறீர்கள், 120 டாலர் கட்டுங்கள் என்று அலமியின் சார்பில் வசூல்காரர்கள் எழுதியிருந்தார்கள். படம் அம்மையார் எடுத்ததுதான். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது பழைய காலத்துச் சாமர்த்தியம். பிள்ளையாருக்கு உடைத்ததைப் பொறுக்கிக் கடையில் வைத்து, உடைத்தவரிடமே பில் நீட்டுவதற்குத் தனித் திறமை வேண்டும். எடுத்தது நான்தான் என்று அவர் விளக்கியதும், விவகாரத்தை முடித்துக்கொள்கிறோம் என்று பெரிய மனதோடு பதில் வந்தது. வட்டிகூடக் கேட்கவில்லை!

2016-ல் அவர் கெட்டி மீது நூறு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். பொதுச்சொத்தாகிவிட்ட படத்தை விற்கத் தடை ஏதுமில்லை என்றது கெட்டி. அதே ஆண்டில் நியூயார்க் நீதிமன்றம் அவருடைய பதிப்புரிமைக் கோரிக்கைகளைத் தள்ளுபடி செய்தது. எஞ்சியதைச் சமரசமாக முடித்தார்கள். தானம் செய்பவர்கள் முதலில் சட்டம் படிக்கவேண்டும்.

இனி இந்தக் கடைகளின் சோதனைச் சாவடியைப் பாடவேண்டும். சொந்தமாக எடுத்த படத்தை அனுப்பிப் பாருங்கள். ஃபோகஸ் இம்மி பிசகியிருக்கிறது, நிழலில் புள்ளி தெரிகிறது, மூலையில் ஏதோ கம்பெனியின் லோகோ எட்டிப்பார்க்கிறது என்று திருப்பி அனுப்புவார்கள். கழுகுக் கண். திருடிய படத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏற்கெனவே வேறொரு கடையில் தேறி, மெருகேறி, விற்றும் இருக்கிறது. ஃபோகஸில் குறை வருமா? இது உன்னுடையதா என்ற கேள்விக்கு ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும். மனிதர்மேல் இத்தனை நம்பிக்கை வைக்கும் தொழில் இந்தக் காலத்தில் வேறெங்கே இருக்கிறது?

இந்த நம்பிக்கை 2010 ஜனவரியில் ஹைட்டி வரை போயிற்று. நிலநடுக்கம் வந்த அன்றே டானியல் மொரேல் என்ற புகைப்படக்காரர் இடிபாடுகளுக்கிடையே எடுத்த படங்களை ட்விட்டர் வழியாக வெளியிட்டார். பக்கத்து நாட்டுக்காரர் ஒருவர் அவற்றை எடுத்துத் தம் பெயரில் போட்டுக்கொண்டார். ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனம் அந்த நகல்களை எடுத்து கெட்டிக்குக் கொடுக்க, படங்கள் உலகெங்கும் போயின. பிழை தெரிந்து, படங்களை நீக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது கெட்டி காட்டிய துல்லியம் சிலிர்க்க வைப்பது: மொரேல் பெயரில் இருந்தவற்றை நீக்கிவிட்டு, எடுக்காதவர் பெயரில் இருந்தவற்றைத் தொடர்ந்து விற்றது. ஏ.எஃப்.பி. அதற்கும் ஒரு படி மேல். மொரேல் நீதிமன்றப் படி ஏறும் சிரமத்தைத் தவிர்க்க, அவர்மீது தானே முதலில் வழக்குப் போட்டது. 2013-ல் நியூயார்க் ஜூரிக்கு இந்தக் கருணை புரியவில்லை. எட்டுப் படங்களுக்குச் சுமார் 12 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லிவிட்டது.

அமெரிக்கச் சட்டத்துக்கு இவர்கள் அருமை தெரியும். 1998-ல் வந்த டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம், பிறர் ஏற்றிய சரக்கைக் காட்டும் தளத்துக்கு, சில நிபந்தனைகளோடு, ஒரு குடை பிடிக்கிறது. புகார் வந்ததும் படத்தை நீக்கிவிட்டால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். தேடிக் கண்டுபிடிப்பது, எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று காட்டுவது, கையெழுத்திட்டு நோட்டீஸ் அனுப்புவது எல்லாம் பறிகொடுத்தவருடைய உடற்பயிற்சி. படத்தை ஏற்றியவர் மறுப்புக் கடிதம் கொடுத்துவிட்டால், பறிகொடுத்தவர் வழக்குப் போடாதவரை, 10 முதல் 14 வேலைநாளுக்குள் படம் பழைய இடத்துக்கே திரும்பிவிடலாம். இதற்கிடையில் விற்ற காசு? சில்லறை விஷயங்களைக் கிளறக் கூடாது.

சில்லறை என்றதும் ஷட்டர்ஸ்டாக் என்ற படக்கடை நினைவுக்கு வருகிறது. 2020-ல் அது கொண்டுவந்த முறைப்படி, படம் எடுப்பவரின் பங்கு ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் அடிமட்டமான 15 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஒரு படத்துக்கு வெறும் 10 சென்ட்கூடக் கிடைக்கலாம். பற்றறுத்தலை இவ்வளவு ஒழுங்காகப் போதிக்கும் மடம் எங்கும் இல்லை.

இப்போது படத்தைத் திருட வேண்டிய அவசியமும் குறைந்துவிட்டது. 1984-ல் மறைந்த அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸின் பாணியில் என்று பெயர் சூட்டி, செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்கள் அடோபியின் கடையில் விற்பனைக்கு இருந்தன. 2024-ல் அவருடைய வாரிசுதாரர்கள் பகிரங்கமாகக் கண்டித்த பிறகுதான் அவை இறங்கின. செத்தவரையும் உழைக்க வைக்கும் சுறுசுறுப்பு!

ஆனால் கெட்டிக்கும் ஒரு நாள் கண்ணீர் வந்தது. தன்னுடைய கோடிக்கும் மேற்பட்ட படங்களை ஸ்டெபிலிட்டி ஏ.ஐ. என்ற நிறுவனம் அனுமதி கேட்காமல், காசு கொடுக்காமல் நகலெடுத்து இயந்திரத்துக்குப் பழக்கிவிட்டது என்று 2023-ல் வழக்குத் தொடுத்தது. அந்த இயந்திரம் வரைந்த சில படங்களில் கெட்டியின் வாட்டர்மார்க்கே கோணல்மாணலாக வந்து நின்றதாம். பிறர் படத்தைக் கேட்காமல் எடுத்துக் காசாக்குவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை அந்த வழக்கைப் போல அழுத்தமாக எந்த ஏழைப் புகைப்படக்காரரும் எடுத்துச்சொன்னதில்லை. எதற்கும் தொழில் அனுபவம் வேண்டும் அல்லவா?