பாறையில பேரு எழுதப் போற பேரப்புள்ளைக்கு

யூட்டாப் பாலைவனத்துக்குக் கூட்டாளிகளோட கார்ல போறியாமே பேரப்புள்ள! கூடாரம், மடக்கு நாக்காலி, காப்பி எந்திரம், ட்ரோன் எல்லாம் ஏத்தியாச்சாம். தண்ணிக்கு மட்டும் ஆளுக்கு ஒரு பாட்டிலாம். ரொம்பச் சரி. தேசியப் பூங்காவுக்குள்ள ட்ரோன் பறக்க விடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. சும்மாதானே கெடக்கும், தாகம் எடுத்தா அதைப் பிழிஞ்சு குடிச்சுக்கோ. பூங்காக்காரன் தலைக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் கொண்டாரச் சொல்லுதான். அவனுக்கு என்ன தெரியும், பாவம், அங்கேயே கெடக்கிறவன்.

ஒன் மாமன் என்னையும் அங்கன கூட்டிட்டுப் போயிருக்கான். அந்த உரிமையில சொல்லுதேன். கேட்டா கேளு, கேக்காட்டி கழுகுக்கு யோகம்.

ஹார்ஸ்ஷூ பள்ளத்தாக்குக்குப் போறதா இருந்தா, 24-ஆம் நம்பர் நெடுஞ்சாலையை விட்டு எறங்கி 48 கிலோமீட்டர் மண்ரோட்டுல போகணும். 1971-ல கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவோட சேத்த எடம் அது. பக்கத்துலதான் ராபர்ஸ் ரூஸ்ட். 1890-கள்ல புட்ச் காசிடிங்கிற கொள்ளைக்காரன் தன் கூட்டத்தோட ஒளிஞ்சு கெடந்த காடு. போலீசே தேடி வரப் பயந்த எடத்துக்கு, மணல்ல பொதைஞ்ச ஒன் காரை இழுக்க ஒரு வண்டி ஓடி வந்துருமாக்கும்? வரும், வரும். வந்த பொறவு அவன் நீட்டுற பில்லைப் பாத்தா, புட்ச் காசிடி எவ்வளவோ தேவலன்னு தோணும்.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டின்னு மார் தட்டாதே. அந்தப் பக்கத்து மண்ணுல அங்கங்க பென்டோனைட்டு களி கலந்திருக்கு. நம்ம கரிசக்காட்டுல இருக்கிற அதே வகைக் களிதான். ஐப்பசி மழையில நம்ம கரிசல்ல செருப்பு என்ன பாடுபடும்னு ஒங்க ஆச்சிகிட்ட கேளு. அங்கன செருப்புக்குப் பதிலா காரு. மழை பேஞ்சா இருந்த எடத்துலயே இரு, காஞ்ச பொறவு கெளம்பு.

கூடாரத்தை மணல் ஓடைக்குள்ள அடி. பூப்போல இருக்கும், தூக்கம் சொகமா வரும். ஜூலையிலேருந்து செப்டம்பர் வரைக்கும், பல மைல் தள்ளிப் பேஞ்ச மழை ராத்திரியில வந்து ஒன்னைத் தட்டி எழுப்பும். ஒன் தலைக்கு மேல நட்சத்திரம் மின்னிக்கிட்டு இருக்கும்போதே வெள்ளம் வரும். எழுப்பின பொறவு எங்க கொண்டு போயி விடும்னு மட்டும் கேக்காதே.

மண்ணுமேல கறுப்பா, முண்டும் முடிச்சுமா ஒரு ஏடு படிஞ்சிருக்கும். மண்ணுதானேன்னு மிதிச்சிராதே. கண்ணுக்குத் தெரியாத உயிருக ஒண்ணுகூடி, காத்து மண்ணை வாரிட்டுப் போகாம கட்டிப் பிடிச்சிட்டு இருக்கு. ஒரு மிதிக்குச் செத்தா மறுபடி வளர பல பத்து வருசம் ஆகும். பாதையில நட, பாறையில நட, ஓடை மணல்ல நட. படம் எடுக்கிறேன்னு குறுக்க ஓடாதே.

கொல்லைக்குப் போற சோலியையும் சொல்லிருதேன். ஈரமில்லாத மண்ணுல எதுவும் லேசுல மக்காது. அதனால பல பள்ளத்தாக்குல, போனதைப் பையில கட்டித் திரும்பக் கொண்டாரணும்னு சட்டம். எல்லாத்தையும் படம் எடுத்துப் போடுற பய நீ. இதை மட்டும் விட்டுரு.

இனி பாறை ஓவியத்துக்கு வாறேன். ஹார்ஸ்ஷூ பள்ளத்தாக்குல 240 மீட்டர் எறங்கி, போக வர 11 கிலோமீட்டர் நடந்தா 'கிரேட் கேலரி'. செம்மண் சாயத்துல ஆள் ஒசரத்துக்கும் அதுக்கு மேலயும் உருவங்க வரிசையா நிக்கும். பலதுக்குக் கையுமில்ல, காலுமில்ல. ஒன் கூட்டாளிகள்ல ஒருத்தன் உடனே "வேற்றுக்கிரகத்துக்காரன்"ம்பான். மனுசன் மண்ணைக் கரைச்சு இப்பேர்ப்பட்ட காரியம் பண்ணினான்னு ஒத்துக்க அவனுக்கு வெக்கம். ஹோப்பி, சூனி, யூட் சனங்க அந்தப் பள்ளத்தாக்கையெல்லாம் எங்க முன்னோர் எடம்னு சொல்லுதாங்க. அவங்க சொல்றதைக் கேக்க செல்போன் வேண்டாம், காது போதும்.

'நியூஸ்பேப்பர் ராக்'குங்கிற பாறையில 650-க்கு மேல உருவம் இருக்கு. மாங்கனீசும் இரும்பும் பாறைமேல படிஞ்சு, ஆயிரக்கணக்கான வருசத்துல ஒரு கறுப்பு ஏறியிருக்கு. அதைக் கொத்திக் கொத்தி, உள்ள இருக்கிற வெளுத்த கல்லு தெரியும்படி மானும் பாதமும் செதுக்கியிருக்காங்க. குதிரைமேல ஒருத்தன் போனா, அது ஸ்பெயின்காரன் குதிரை கொண்டாந்த பொறவு செதுக்கினதுன்னு கண்டுக்கோ.

ஓவியத்தைத் தொட்டா என்ன ஆகும்னு கேப்பே. நீ தொட்டா ஒண்ணும் ஆகாது. ஒனக்குப் பின்னால வாற ஆயிரம் பேரும் இதையேதான் சொல்லுவான். அத்தனை பேரு கை எண்ணெயும் சேந்துதான் சாயத்தைத் தின்னுது. படத்துல பளிச்சுன்னு தெரியணும்னு தண்ணி தெளிக்கிறது, சாக்பீசால கோடு இழுக்கிறது எல்லாம் அதைவிட மோசம்.

பக்ஹார்ன் வாஷ்ங்கிற எடத்துல 2000 வருசத்துக்கு மேற்பட்ட ஓவியம் இருக்கு. போறவன் வாறவன் எல்லாம் அதுமேல பேரைக் கீறி, சாயம் அடிச்சு வச்சிருந்தான். யூட்டா மாநிலமாகி நூறு வருசம் ஆகப் போகுதுன்னு 1995-ல கிறுக்கலை எல்லாம் அழிச்சுச் சீராக்கினாங்க. வேடிக்கையைப் பாரு: வரைஞ்சவன் ஒருத்தன் பேரும் தெரியலை. பாழாக்கினவன் பேரு மட்டும் எழுத்துப் பெசகாம இருந்துச்சு. இப்பம் அப்படிக் கீறினா 1979-ல வந்த சட்டம் அவராதமும் போடும், செயிலும் போடும். கீறினவன் யாருன்னு துப்பு தொலக்கவும் வேண்டாம், கையெழுத்துப் போட்டுட்டுத்தானே வாறான்.

அப்பவும் பேரு எழுதியே தீரணும்னு கை அரிச்சா, கெளம்புறதுக்கு முன்னால ஒரு தாளை எடு. ஒன் பேரு, வண்டி நம்பரு, போற ரோடு, திரும்புற நாளு எல்லாம் தெளிவா எழுதி ஒங்கம்மா கையில குடு. அங்கன பாதி எடத்துல சிக்னல் கெடையாது. ஒன்னைத் தேடி வாறவனுக்கு அந்தக் கல்வெட்டுதான் ஒதவும்.