மேசைக்கடியில் 37 மீட்டர்

கோலார் தங்கவயல் சுரங்கத்தை மாதிரியாகச் செய்யக் கிளம்புபவருக்கு முதல் வில்லன் அளவுதான். ரயில் மாதிரிப் பிரியர்களின் 87-இல் ஒரு பங்கு அளவில் ஆள் 2 சென்டிமீட்டர். அவர் தொப்பி விளக்கு கடுகைவிடச் சிறியது. இடுக்கியிலிருந்து துள்ளினால் போயிற்று. (மறுநாள் வீடு கூட்டுபவர் காலில் தட்டுப்படும்.)

இழுவைக் கோபுரமும் சக்கரமும் மேசையில் அடங்கிவிடும். அந்த வயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கமோ ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம்! கணக்குத் தவறாதவர் மேசைக்கடியில் 37 மீட்டர் தோண்டியாக வேண்டும். வீட்டுக்காரர் விடுவாரா? குழிவாயில் கறுப்புத் தாள் ஒட்டிவிட்டு, மிச்ச ஆழத்தைப் பார்ப்பவர் தலையில் கட்டிவிடலாம்.

பொன் பிரித்தபின் கொட்டிய கழிவான சயனைடு மேடு மட்டும் சுலபம்: சலித்த சாம்பல் போதும்.

2001 பிப்ரவரி 28-இல் மூடும்வரை அங்கே டன் பாறையை அரைத்துச் சில கிராம் பொன் எடுத்தார்கள். ஞாயிறு முழுக்க அரம் போட்டு, ஒற்றை ஆரக்கால் நேராக வந்ததற்கே குதிப்பவரை அந்த ஊர்க்காரர் கேலி செய்யமாட்டார்.