மில்லிமீட்டர் அண்ணன்

பிரிக்ஃபீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை உள்ள அடுக்குமாடிகளில் இப்போது இவர் தென்படத் தொடங்கியிருக்கிறார். மில்லிமீட்டர் அண்ணன் என்று பெயர் வைத்துக்கொள்வோம். தரையில் ஏ4 தாளை விரித்து, குதிகாலைச் சுவரோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். எடுப்பது மனைவி. "அசையாதீங்க லா" என்று இவரைப் பார்த்து ஒருவர் சொல்வது கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு இதுதான் முதல் முறை. தாள் எதற்கு என்று கேட்டால் பாடமே நடத்துவார்: படத்தை மட்டும் பார்த்தால் கால் எவ்வளவு பெரியது என்று கேமராவுக்குத் தெரியாது, தாளின் நீளம் 297 மில்லிமீட்டர், அகலம் 210 என்று சப்பாத்து நிறுவனத்தின் செயலிக்குத் தெரியும், அதை வைத்துக் காலைக் கணக்கிட்டு, அந்தக் காலுக்கென்றே சப்பாத்து செய்து அனுப்புவார்கள். இடக்கால் 264.3, வலக்கால் 261.8 என்று திரையில் வந்த நாளிலிருந்து அந்த இரண்டரை மில்லிமீட்டர் வித்தியாசம் குடும்பச் சொத்து. விருந்தாளிக்குக் காப்பி வருமுன் அதுதான் பரிமாறப்படும்.

இவரைக் கிறுக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. கடைச் சப்பாத்தின் எண்மேல் இவருக்குள்ள கோபம் நியாயமானது. ஆங்கிலேய அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடைவெளி அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு, அதாவது ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர். ஐரோப்பிய அளவில் 6.7 மில்லிமீட்டர். இரண்டுமே நீளத்தைச் சொல்வதோடு சரி. பாதம் அகன்றதா, உள்ளங்கால் தட்டையா என்பதைப் பற்றி அவற்றுக்குக் கவலையில்லை. 2019-இல் நைக்கி நிறுவனம் கைப்பேசிக் கேமராவால் காலில் 13 இடங்களை அளக்கும் வசதியை அறிவித்தபோது, நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் தப்பான அளவில் நடமாடுகிறார்கள் என்றது. வியாபாரிக்கு வசதியான கணக்குதான். ஆனால் குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டியவர்கள் மறுக்க மாட்டார்கள். அதற்கும் மேலே ஒரு பழைய பகை உண்டு. பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்தை "வளர்ற புள்ள" என்று இரண்டு எண் பெரிதாக வாங்கி, முனையில் நாளிதழைத் திணித்துப் போட்டுவிட்டது இந்தத் தலைமுறைக்குத்தான். அந்தச் சப்பாத்தையும் அரசாங்கம் 2021 முதல் கறுப்பாக்கிவிட்டது. பழிவாங்க வேறு வழி?

துல்லியம் தேவைதான், அதை அவர் கொண்டுபோய்ச் செலவழிக்கும் இடம்தான் இடிக்கிறது. காலையில் அளந்த கால் மாலையில் அதே கால் இல்லை. நின்றும் நடந்தும், நம் ஊர் வெக்கையிலும் அது வீங்கும். அந்த வீக்கத்தில் தசமப் புள்ளிகள் கரைந்துபோகும். போதாததற்கு, நம் வாழ்க்கையில் பாதி சப்பாத்துக்கு வெளியே நடக்கிறது. வீட்டு வாசலில் கழற்ற வேண்டும், ஸ்காட் ரோடு கந்தசாமி கோயிலில் கழற்ற வேண்டும். தைப்பூசத்தில் பத்துமலையின் 272 படிகளையும் வெறுங்காலோடு ஏறும் கூட்டத்தில் இடக்கால் எது, வலக்கால் எது என்று முருகன் கேட்பதில்லை. "ஆபீசில் எட்டு மணி நேரம் போடுறேனே" என்பார். உண்மை. அந்த எட்டு மணி நேரமும் கால்கள் மேசைக்கடியில் சப்பாத்தைவிட்டு வெளியேறிக் காற்று வாங்குவது சக ஊழியர்களுக்குத் தெரியும். "எனக்கு மட்டுமே பொருந்தும், கோயில் வாசலில் எவன் திருடுவான்?" என்பது அடுத்த வாதம். திருடுகிறவன் போட்டுப் பார்த்துவிட்டா எடுக்கிறான்?

அளக்க வேண்டிய கால் அதே வீட்டு ஹாலில் நாற்காலியில் இருக்கிறது: அண்ணனின் அப்பாவுடையது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4, எல்லா இனங்களிலும் அதிகம். சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டால் சப்பாத்து கடிப்பதே தெரியாது. தெரியாத கொப்புளம் புண்ணாகி, விரலை எடுக்கும் வரை போய்விடுகிறது. தன் காலுக்கென்றே செய்த காலணி தேவைப்படுவது இத்தகையவருக்குத்தான். அப்பாவோ குதிகால் தேய்ந்த ஜப்பான் சிலிப்பரோடு காலம் தள்ளுகிறார். "அவர் கேக்க மாட்டார்" என்று அண்ணன் கையை விரிக்கிறார். வீட்டுப் பூனையின் பாதத்தையும் அளந்தாரே, அதனிடம் மட்டும் சம்மதம் வாங்கிக்கொண்டா? இன்னொரு மறுப்பு வலுவானது: செயலி காலின் வடிவத்தைத்தான் பார்க்கும், உணர்வை அல்ல. அதற்குத்தான் மருத்துவர்கள் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் வைத்துப் பத்து கிராம் விசைக்கு அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்கிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் பார்வையற்ற மசாஜ்காரர்களும் கட்டைவிரலை ஊன்றி அதே கேள்வியைத்தான் கேட்பார்கள். பதில் ஆமாம் அல்லது இல்லை. இரண்டிலும் தசமப் புள்ளி வராது. அண்ணன் இன்னும் அப்பாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகாததற்கு அதுதான் காரணமோ என்னவோ.