பட்டத்துக்கு ஒரு வாப்பா தேவை

உளவியலில் சிறப்புப் பட்டம் முடிக்க என்னென்ன வேண்டும் என்று பல்கலைக்கழகம் ஒரு கைந்நூல் அடித்துக் கொடுக்கிறது. அட்டை முதல் அட்டை வரை அதைப் படித்தவன் எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான். 120 கிரெடிட், எண்பது வீத வரவு, ஒப்படைகள், ஆய்வேடு, 2.00 க்குக் குறையாத ஜீ.பீ.ஏ., முதல் வகுப்பு வேண்டுமென்றால் 3.70. எல்லாம் இருக்கிறது. வீட்டில் ஒரு வாப்பா இருக்க வேண்டும், அவருக்கு வேலைவெட்டி குறைவாக இருக்க வேண்டும், கூப்பிட்ட நேரத்துக்குக் கதிரையில் வந்து குந்த வேண்டும் என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. என் மகள் பட்டம் முடித்தது பெரும்பாலும் எழுதப்படாத இந்தத் தேவைப்பாட்டினால்தான் என்பது என் கட்சி. அவளுடைய கட்சி வேறு.

நாங்கள் வண்ணாத்திவில்லு. புத்தளத்திலிருந்து வடக்கே எலுவன்குளம் போகிற பாதையில் வரும். கஜு, காட்டு யானை, சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற அருவக்காடு, இவைதான் எங்கள் அடையாளம். கொழும்புக் குப்பையை அருவக்காட்டில் கொட்டுகிற திட்டம் வந்தபிறகு பத்திரிகைக்காரர்களுக்கும் எங்கள் பெயர் பாடமாகிவிட்டது. இப்படிப்பட்ட ஊரில் உயர்தரம் சித்தியடைந்த பிள்ளை ஒன்று ஆசிரியராகும், அல்லது கச்சேரியில் வேலைக்குப் போகும். என் மகளுக்குக் கண்டிக்குப் பக்கத்துப் பேராதனைப் பல்கலைக்கழகம் கிடைத்தது. கலைப் பீடம். முதல் வருடம் முடிந்ததும் உளவியலைச் சிறப்புப் பாடமாக எடுக்கப் போவதாகச் சொன்னாள்.

"அதப் படிச்சா என்னவா வரலாம்?" என்று கேட்டார் மாமி. என் மனைவியின் உம்மா.

"மனசப் பத்திப் படிக்கிறது, உம்மம்மா."

"அதுக்கு ஏன் கண்டிக்குப் போற? இங்க இல்லாத மனசா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் இங்கே கிரெடிட் கொடுப்பாரில்லை. இலங்கையின் தகைமைச் சட்டகப்படி சாதாரணப் பட்டத்துக்கு 90 கிரெடிட், சிறப்புப் பட்டத்துக்கு 120. ஒரு கிரெடிட் என்றால் விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்கான படிப்பு எல்லாம் சேர்த்து ஐம்பது மணித்தியாலம். பெருக்கிப் பார்த்தேன்: 6000 மணித்தியாலம். புத்தளத்தில் பஸ் ஏறி நிக்கவரட்டி, வாரியப்பொல, குருநாகல் என்று ஒவ்வொரு ஊராக நின்று நின்று கண்டி போய்ச் சேருகிற நேரத்துக்கு அதில் இடமில்லை. அது இலவசம்.

விடுமுறைக்கு வரும்போது மற்றப் பிள்ளைகள் கண்டியிலிருந்து அல்வாப் பெட்டி கொண்டுவருவார்கள். இவள் செய்முறைக் கொப்பி கொண்டுவந்தாள். அதில் "பங்குபற்றுநர்" என்றொரு வரி. அதற்கு நேரே "ஆண், 54 வயது" என்று ஏற்கனவே எழுதியிருந்தது. பெயர் எழுதக்கூடாதாம், அந்தரங்கமாம். எங்கள் வீட்டில் 54 வயது ஆண் எத்தனை பேர்!

முதலில் ஞாபகச் சோதனை. அர்த்தமில்லாத எழுத்துக் கூட்டங்களை அட்டை அட்டையாகக் காட்டுவாள். அவற்றை நான் வரிசையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் என்று ஒருவர், 1885 இல் இதைப் பற்றிப் புத்தகமே போட்டிருக்கிறார். பட்டியல் பட்டியலாக இந்த உளறலைப் பாடமாக்கி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கெடுத்தாராம். யாரை வைத்து? தன்னையே வைத்து. நல்ல மனிதர். என் மகளுக்கு அந்த முன்மாதிரி பிடிக்கவில்லை.

அடுத்தது ஸ்ட்ரூப் சோதனை. அமெரிக்காவில் ஜோன் ரிட்லி ஸ்ட்ரூப் 1935 இல் வெளியிட்டது. "சிவப்பு" என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதியிருப்பார்கள். சொல்லை வாசிக்கக்கூடாது, மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். வாசிக்கத் தெரிந்தவனுக்கு வாசிக்காமல் இருப்பதுதான் கஷ்டம். எழுத்தைக் கண்டால் வாய் முந்திக்கொள்ளும், நிறம் பின்னால் வரும். நான் தடுமாறத் தடுமாற மகளின் முகம் மலர்ந்துகொண்டே போனது. நான் பிழைவிட்டால்தான் அவளுடைய பரிசோதனை சரியாம்! பிள்ளை ஒழுங்காகப் படிக்கிறாள் என்பதற்கு வாப்பா திணறுவதே சான்றாக இருக்கிற பாடம் வேறு ஏதாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாத மாமி அதே அட்டையைப் பார்த்து "பச்ச, நீலம், மஞ்ச, பச்ச" என்று கடகடவென்று ஒப்புவித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குக் கொப்பியில் நிரல் இல்லை.

இன்னொரு நாள் இரண்டு கோடு. ஒன்றின் நுனிகளில் அம்புத்தலை உள்நோக்கி மடங்கியிருக்கும், மற்றதில் வெளியே விரிந்திருக்கும். எது நீளம்? இரண்டும் ஒரே அளவுதான், ஆனால் விரிந்ததுதான் நீளமாகத் தெரியும். மியூலர்-லயர் 1889 இல் வரைந்த படம். அடிமட்டம் வைத்து அளந்து காட்டிய பிறகும் கண் ஒத்துக்கொள்ளாது. இதில் ஒரு கதை எனக்கு மிகவும் பிடித்தது. ரிவர்ஸ் என்கிற ஆங்கிலேயர் 1898 இல் டொரஸ் நீரிணைத் தீவுகளுக்கும், பிறகு 1901-02 இல் நம் பக்கத்து நீலகிரிக்கும் இதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். தீவுக்காரர்களும் தோடர்களும் இங்கிலாந்துக்காரர்கள் அளவுக்கு ஏமாறவில்லை. மூலையும் மட்டமுமாகக் கட்டின வீடுகளுக்குள் வளர்ந்த கண்தான் அதிகம் ஏமாறுகிறது என்று பிற்காலத்தில் சிலர் விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கத்தை எல்லோரும் ஏற்கவில்லையாம். நான் உடனே ஏற்றுக்கொண்டேன். வீடு கட்டக் கடன் எடுத்தவன் நான்.

பிறகு புள்ளிவிபரவியல். உளவியல் என்றதும் சோபாவில் ஆளைப் படுக்கவைத்துக் கதை கேட்பது என்று நினைத்து வந்த பிள்ளைகள் இங்கேதான் விழுகிறார்கள். இடை, இடையம், ஆகாரம், நியம விலகல் என்று தொடங்கி டி சோதனையில் கொண்டுபோய் விடும். கணக்குக்குப் பயந்து கலைப் பிரிவுக்கு வந்தவளைக் கணக்கு பேராதனை வரைக்கும் துரத்திக்கொண்டு வந்துவிட்டது. அந்த டி சோதனையைக் கண்டுபிடித்தவர் வில்லியம் கொசெட், டப்ளினில் கின்னஸ் பியர்க் கம்பனியில் வேலை செய்தவர். சொந்தப் பெயரில் எழுதக் கம்பனி விடாததால் 1908 இல் "மாணவன்" என்ற புனைபெயரில் வெளியிட்டார். இதை நான் மாமிக்குச் சொல்லியிருக்கக் கூடாது என்று மகள் இன்றும் குறைப்படுகிறாள். பியர்க் கம்பனிக் கணக்கைப் பாவிப்பது ஆகுமா என்று பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டு வரச் சொல்லி மாமி என்னை நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

கடைசி வருடம் ஆய்வேடு. தலைப்பு வாய்ப்பாக அமைந்தது: யானை வருகிற ஊர்களில் கமக்காரரின் மனஅழுத்தம். மாதிரிக்கு ஆள் தேடி அலையவே வேண்டாம். ஆனால் ஆளிடம் வாய் திறக்குமுன் ஒழுக்கவியல் குழுவின் அனுமதி வேண்டும். அதற்குத் தகவல் தாள், சம்மதப் படிவம், வினாக்கொத்து மூன்றும் தமிழிலும் சிங்களத்திலும் வேண்டும். எல்லாம் முடிந்து, முதல் ஆளாக எங்கள் பக்கத்துக் காணிக்காரரிடம் போனோம். ஊருக்கே மாமா. எனக்கும் மாமா, மகளுக்கும் மாமா.

"மாமா, இதுல பேர் எழுதத் தேவல்ல."

"பேர் இல்லாம எப்படிப் புள்ள நட்டஈடு வரும்?"

"நட்டஈட்டுக்கு இல்ல மாமா. ஆராய்ச்சி."

"அப்ப யானை வேலிக்கா?"

"வேலிக்கும் இல்ல."

"அப்ப கையெழுத்து என்னத்துக்கு?"

"நீங்க விரும்பித்தான் பதில் சொல்றீங்க எண்டதுக்கு. விருப்பமில்லாட்டி எந்த நேரமும் விலகிக்கொள்ளலாம். காரணம் கூடச் சொல்லத் தேவல்ல."

மாமா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யானையும் வர முந்தி இப்படி ஒரு பேப்பர் நீட்டினா நல்லா இருக்கும்" என்றார். கையெழுத்து வைத்தார்.

பிறகு வினாக்கொத்து. ஒவ்வொரு கூற்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை ஓர் இலக்கம் சொல்ல வேண்டும். லிக்கேர்ட் என்பவர் 1932 இல் தொடக்கிவைத்த முறை. மாமா எதற்கெடுத்தாலும் "ஒண்டு போடுங்க, அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கவலை ஒன்று, பயம் ஒன்று, தூக்கமின்மையும் ஒன்று. வரம்புக்கு அந்தப் பக்கம் அவர் இரவிரவாகக் குந்தியிருக்கிற காவல் பரண் தெரிகிறது. பரணில் யானை வெடியும் டோர்ச்சும் கிடக்கின்றன. கண் இரண்டும் கோவைப்பழம். மகளால் பொறுக்க முடியவில்லை. "மாமா, ராவையில நீங்க தூங்குறதே இல்லையே?"

"அது தூக்கமின்மையா? அது காவல்!"

அன்றிரவு மகள் சாப்பிடாமல் யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த வினாக்கொத்து அமெரிக்காவில் பிறந்து, கொழும்பில் மொழிபெயர்க்கப்பட்டு, வண்ணாத்திவில்லுப் பரணடியில் வந்து ஊமையாகிவிட்டது. தூக்கம் வராமல் புரளுகிறவனுக்கும், தூங்கினால் வருடப் பயிரே போய்விடும் என்று விழித்திருக்கிறவனுக்கும் அதில் ஒரே கட்டம்தான். மேற்பார்வையாளருக்கு எழுதினாள். இலக்கத்தோடு சேர்த்து ஆட்கள் சொல்வதையும் அப்படியே எழுதும்படியும், அதற்குக் குழுவிடம் மறுபடி அனுமதி எடுக்கும்படியும் பதில் வந்தது. ஆய்வேட்டில் வாசிக்கக்கூடிய அத்தியாயம் அது ஒன்றுதான் என்பேன். மற்றவற்றில் அட்டவணைகள்.

பட்டம் வந்தது. பல்கலைக்கழகத்தின் தேவைப்பாடு முடிந்த இடத்தில் ஊரின் தேவைப்பாடு தொடங்கியது. கனவுக்குப் பலன் கேட்டு ஒருவர் வந்தார். கட்டாரில் இருக்கிற மகன் அங்கே இரகசியமாக நிக்காஹ் செய்துவிட்டானா என்று அவனுடைய வாட்ஸ்அப் படத்தைக் காட்டி இன்னொருவர் கேட்டார். சந்திக் கடைக்கார நானாவுக்கு இரண்டுமில்லை. கொப்பிக் கடன்காரரில் யார் யார் தரமாட்டார்கள் என்று முகத்தைப் பார்த்துச் சொன்னால் போதும், மாதம் ஒரு மூட்டை சம்பா தருகிறேன் என்றார். இந்தப் பட்டத்துக்கு இதுவரை வந்த ஒரே தொழில் வாய்ப்பு அதுதான்.

நான்கு வருடம், 120 கிரெடிட், ஒரு வாப்பா, இத்தனையும் செலவழித்த பிறகும் இந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியைத் தனியே பார்க்க முடியாது. சிகிச்சை உளவியலாளர் ஆவதற்கு அந்தத் துறையில் எம்.பில். போன்ற மேற்படிப்பு முடித்து இலங்கை மருத்துவ சபையில் பதிய வேண்டும். அது சரியான சட்டம்தான். ஆறாயிரம் மணித்தியாலத்தில் மனதைப் பற்றிப் படிக்கலாம், இன்னொருவர் மனதில் கைவைக்க அது காணாது.

ஆகவே ஊரார்களே, நெருங்கிய சொந்தங்களே, பட்டம் முடித்த எங்கள் பிள்ளைகளைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள். படிக்கிற பிள்ளை வினாக்கொத்தோடு வந்தால் எல்லாவற்றுக்கும் ஒன்று போடாமல் உள்ளதைச் சொல்லுங்கள். உண்மையிலேயே மனம் சரியில்லை என்றால் 1926 க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவு பகல் எந்நேரமும் ஆள் இருக்கிறது. கனவுக்குப் பலன் கேட்டு மட்டும் அழைக்க வேண்டாம்.