கழுவுபாத்திரம்: ஒரு தொகைநிலை ஆராய்ச்சி

பிரெஞ்சு வீட்டுக் கருவிகளின் பெயர்களை ஆங்கிலத்தில் பெயர்ப்பது அகராதியைப் புரட்டினால் முடிந்துவிடும் வேலை என்று உலகோர் நினைக்கிறார்கள். உலகோர் கையேடு படிப்பதில்லை. வாஷிங் மெஷினோடு வரும் சிறுநூலை அட்டை முதல் உத்தரவாதச் சீட்டு வரை படித்தவர்கள் மிகச் சிலர். அவர்களுள் ஒருவர் என்பதைத் தவிர இக்கட்டுரையாளருக்கு வேறு தகுதி கிடையாது. பிரான்சில் விற்கும் பொருளின் கையேடு பிரெஞ்சில் இருந்தே ஆகவேண்டும் என்று, அமைச்சர் ஜாக் தூபோனின் பெயரால் வழங்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆகவே மூலநூலுக்குப் பஞ்சமில்லை. உரைதான் இல்லை. அக்குறை இங்கே நீக்கப்படுகிறது.

முதற்கண் எடுத்துக்கொள்வது 'லாவ்-வெசெல்'. லாவ் என்றால் கழுவு. வெசெல் என்றால் பாத்திரம் பண்டம். சேர்த்தால் கழுவுபாத்திரம். இலக்கணம் படித்த கண்ணுக்கு இது ஊறுகாய், சுடுசோறு போன்ற வினைத்தொகையாகத் தெரியும். அங்கேதான் வழுக்கும். ஊறுகாய் என்றால் காய்தான். கழுவுபாத்திரமோ பாத்திரம் அன்று. பாத்திரத்தைக் கழுவுகிற பெட்டி. அந்தப் பெட்டி இரண்டு சொல்லிலும் இல்லை. பின் எங்கே எனின், சொல்லுக்கு வெளியே, அடுப்பங்கரை மூலையில் நிற்கிறது என்க. எனவே இது இரண்டாம் வேற்றுமைத் தொகைப் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகை. பொற்றொடி வந்தாள் என்றால் வளையலா நடந்து வந்தது? அதுபோலத்தான் இதுவும்.

பிரெஞ்சு வீட்டில் பாதி இந்த அச்சில் வார்த்ததே. துவைதுணி என்பது வாஷிங் மெஷின். உலர்த்துகூந்தல், ஹேர் டிரையர். வாட்டுரொட்டி என்றதும் நாவூற வேண்டாம், அது டோஸ்டர். போரிஸ் வியான் 1950களில் வீட்டுச் சாமான்களை அடுக்கி ஒரு பகடிப் பாட்டு எழுதினார். அதில் எந்தக் கடையிலும் கிடைக்காத கருவிகளையும் இதே அச்சில் வார்த்துத் தள்ளினார். கேட்டவர்களுக்குப் புரிந்தது. கருவியே இல்லாமல் பெயர் மட்டும் தனித்து வாழும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஆங்கிலம் சொற்களைத் திருப்பிப் போட்டுக் கடைசியில் 'அர்' ஒட்டும்: டிஷ்வாஷர். தமிழும் இதில் ஆங்கிலத்தின் கட்சி. பாக்குவெட்டி, தேங்காய்த்துருவி எல்லாம் பொருள் முன்னே, வேலை பின்னே, ஈற்றில் ஓர் இகரம் என்று அமைந்தவை. லண்டன்காரரும் தஞ்சாவூர்க்காரரும் ஒரே பந்தியில் உட்கார, பாரிஸ்காரருக்குத் தனி இலை.

இங்கே ஒரு கடா: 'அர்' ஒட்டுவதால் வரும் கேடு யாது? விடை: அந்த ஈறு ஆளுக்கும் பொது. டிஷ்வாஷர் என்றால் இயந்திரமா, ஓட்டலில் தட்டுக் கழுவுகிறவரா? பிரெஞ்சில் இக்குழப்பம் எழாது. இயந்திரம் கழுவுபாத்திரம், ஆள் 'ப்ளோன்ஜர்', அதாவது முக்குளிப்பவர். ஜார்ஜ் ஆர்வெல் 1929-இல் பாரிஸ் ஓட்டல் ஒன்றில் முக்குளித்தார். 1933-இல் வந்த தம் நூலில் அந்தச் சொல்லைப் பெயர்க்காமல் பிரெஞ்சிலேயே விட்டுவைத்தார். பெயர்த்திருந்தால் அவருக்கு எத்தனை வாட் என்று இன்றைய வாசகர் கேட்டிருப்பார்.

சமையலுக்கு வந்தால் நிலைமை தலைகீழ். 'குயிசினியேர்' என்றால் சமைக்கும் பெண், அடுப்பும் அதுவே. நல்ல குயிசினியேர் தேவை என்று ஒரு வரி மட்டும் கண்ணில் பட்டால், சம்பளம் பேசுவதா, கேஸ் இணைப்பு விசாரிப்பதா என்று பெயர்ப்பாளர் திகைப்பார். ஆங்கிலத்தில் சமைக்கிறவர் குக், சமைக்கும் சாதனம் குக்கர். நியாயப்படி ஆளுக்குச் சேரவேண்டிய ஈற்றை அடுப்பு பறித்துக்கொண்டது. அதுவும் இங்கிலாந்தில் மட்டும். அமெரிக்காவில் அந்த அடுப்பு ஸ்டவ். நம் வீட்டுக் குக்கர் விசிலடிக்கும். இங்கிலாந்துக் குக்கருக்கு அந்தப் பழக்கமில்லை. எந்த ஆங்கிலம் வேண்டும் என்று பெயர்ப்பாளர் கேட்டால் "பொதுவான ஆங்கிலம்" என்று பதில் வரும். பொதுவான ஆங்கிலத்தில் எரியும் அடுப்பை இக்கட்டுரையாளர் இன்னும் பார்த்ததில்லை.

(விசிலடிக்கும் குக்கரின் பாட்டனாரை 1679-இல் லண்டனில் காட்டியவர் தெனி பாப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர். அங்கே அதற்கு வைத்த பெயர் டைஜெஸ்டர், செரிப்பான். பிரெஞ்சுக்காரர்கள் இன்று சொல்வது 'கொக்கோத்-மினித்'. கொக்கோத் என்றால் சட்டி. குழந்தை மொழியில் கோழி. நிமிடக்கோழி என்று பெயர்த்தவர் மேல் வழக்குத் தொடர முடியாது.)

பால் பற்றிச் சுருக்கமாக ஒன்று. 'லாவ்-லேன்ஜ்', அதாவது முன்சொன்ன துவைதுணி, ஆண்பால். அதே இயந்திரத்தை 'மஷீன் ஆ லவே' என்றால் பெண்பால். அழுக்குத் துணிக்கு இரண்டும் ஒன்றுதான். அஃறிணை என்று ஒரே அடியாய் அடித்து முடித்த நம் முன்னோரை நினைத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

'காஃபெத்தியேர்' பெயர்ப்பாளருக்கென்றே வெட்டிய குழி. பிரான்சில் காபி போடும் கருவி எதுவானாலும், போட்ட காபியை ஊற்றிவைக்கும் கூஜாவானாலும், காஃபெத்தியேர். இங்கிலாந்து அச்சொல்லைக் கடன் வாங்கி, கம்பியை மேலிருந்து அழுத்தும் கண்ணாடிக் குடுவைக்கு மட்டும் சூட்டியது. அமெரிக்காவோ அந்தக் குடுவையை ஃபிரெஞ்ச் பிரஸ் என்றது. ஆகவே காஃபெத்தியேர் என்பதைக் காஃபெத்தியேர் என்று எழுதினால் பெரும்பாலும் பிழை. ஒரு சொல்லை எழுத்து மாறாமல் பெயர்த்தும் தப்பாக்கும் பேறு எல்லாத் தொழிலிலும் கிட்டாது.

'ரோபோ' இன்னும் தமாஷ். 1920-இல் காரெல் சாப்பெக்கின் செக் நாடகத்தில் பிறந்த சொல். வேர், ஊதியமில்லாக் கட்டாய உழைப்பைக் குறிக்கும் ரோபோதா. ஆங்கிலேயர் அதற்குக் கை கால் வைத்து உலோக மனிதன் ஆக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அடுப்படியில் வெங்காயம் நறுக்க வைத்தார்கள். பிரெஞ்சுச் சமையல் நூல் "மாவை ரோபோவில் போடுக" என்னும்போது அது ஃபுட் ப்ராசஸர். கார்ல் சோன்தைமர் என்ற அமெரிக்கப் பொறியாளர் பாரிஸில் இக்கருவியைக் கண்டு மயங்கி, 1973-இல் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். வைத்த பெயர் குயிசினார்ட். பிரெஞ்சு வாடை வீசும் பெயர் அமெரிக்காவுக்கு. பிரான்சுக்கு மிஞ்சியது செக் பெயர்.

இவை எல்லாம் சிரிப்போடு போகும். துணியை நனைக்கும் பிழை ஒன்று உண்டு. பிரெஞ்சில் 'சேஷே' என்றால் உலர்த்துதல், 'எஸோரே' என்றால் பிழிதல். வாஷிங் மெஷின் முகப்பில் இருப்பது எஸோராஜ். அகராதியை அரைக்கண்ணால் பார்த்து அதை டிரை என்று எழுதினால், வாங்கியவர் காய்ந்த சட்டையை எதிர்பார்த்துக் கதவைத் திறப்பார். கிடைப்பது முறுக்கிப் பிழிந்த ஈரச்சட்டை. சரியான ஆங்கிலம் ஸ்பின். கவனித்தால், பிரெஞ்சு துணிக்கு நேர்வதைச் சொல்கிறது, ஆங்கிலம் உருளை சுற்றுவதைச் சொல்கிறது. கருவி சொல்லுக்கு வெளியே நிற்கிறது என்ற நம் கருதுகோள் இங்கே உறுதிப்படுகிறது. பிழிதலையும் உலர்த்தலையும் பிரித்தறியும் தமிழ், முன்பு உட்கார்ந்த பந்தியிலிருந்து எழுந்து பாரிஸ்காரரின் இலைக்குப் பக்கத்தில் போய் அமர்கிறது. கட்சி தாவல் என்பர் சிலர். ஈரத்துணியைக் கொடியில் போட்டவர் அப்படிச் சொல்லார்.

எஞ்சியிருப்பது வெந்நீர். குளியலறைச் சுவரில் தொங்கும் தொட்டியைப் பிரெஞ்சில் 'ஷோஃப்-ஓ', சூடாக்குநீர், என்கிறார்கள். அதோடு நின்றால் பரவாயில்லை. 'பலோன்' என்றும் சொல்வார்கள். பந்து, பலூன் எல்லாம் அதே சொல். 'க்யூமுலுஸ்' என்பதும் உண்டு, அதாவது மேகத்திரள். ஆங்கிலத்தில் வெறும் வாட்டர் ஹீட்டர், கவிதையே இல்லை. நம் நாட்டு ஆங்கிலமோ ஐஸ்லாந்தில் பூமியைப் பிளந்து பீறிடும் வெந்நீர் ஊற்றின் பெயரைச் சுவரில் மாட்டிவைத்தது: கீசர். மேகம், பலூன், ஊற்று ஆகிய மூன்றனுள் எது பொருத்தமான பெயர் என்று நிறுவும் பொருட்டு இக்கட்டுரையாளர் தம் வீட்டுக் கீசரை நெடுநேரம் உற்று நோக்கினார். அது மூன்று நாளாகச் சூடாகவில்லை. பழுது பார்க்க வந்தவர் ஸ்டூலில் ஏறி, மூடியைக் கழற்றி, விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"காயில்தான் சார் போயிடுச்சு. டப்பா நல்லாத்தான் இருக்கு."