தாங்கிப்பொறி வகைநூல்: பினாங்கு மாணாக்கர்க்கு

மாணாக்க! நீராவிப் பொறிகள் இருபாற்படும். தன் நீரைத் தானே சுமப்பது ஒன்று. தன் நீரைப் பின்னே ஒரு வண்டியில் இழுத்துச் செல்வது மற்றொன்று. பின்னதற்கு வால்வண்டி உண்டு. அது நெடுந்தொலைவுக்கு உரியது, இந்நூலுக்கு உரியதன்று. முன்னது தாங்கிப்பொறி எனப்படும். விக்டோரியா அரசியின் நாளில் பெருநகர்களின் புறநகர்த் தடங்களில் மக்களை ஏற்றி இறக்கியது பெரும்பாலும் இதுவே. வால் இன்மையால் முன்னும் பின்னும் ஒப்ப ஓடும். ஆதலின் தட முடிவில் திருப்புமேடை வேண்டா. நீரின் எடை உருளிகளை அழுத்துதலின் புறப்பாட்டில் வழுக்காது. நீர் குறையக் குறைய அப்பிடிப்பும் குறையும் என்பதை இங்கேயே குறித்துக்கொள்க, பின்னர் வினவற்க.

உருளிகளை எண்ணி வகுப்பார் ஒருசாரார். அது தச்சர் கணக்கு. யாம் நீர் நிற்கும் இடத்தால் வகுத்தோம். அவ்வகை ஐந்து. தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் காவடியையும் பால்குடத்தையும் வேறு பிரித்தறிந்த மாணாக்கனுக்கு முதலிரண்டும் எளிது.

வகை 1. பக்கத்தாங்கி. கொதிகலத்தின் இருமருங்கும் நீர்ப்பெட்டி உடையது. பூண்ட பெயரால் இது இரண்டாகும்.

1(அ) கடவுட்பெயர்ப் பக்கத்தாங்கி. 1863 சனவரி 10 அன்று இலண்டனில் பாடிங்டனுக்கும் பாரிங்டனுக்கும் இடையே மண்ணுக்கடியில் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. மறு ஆண்டு முதல் அதற்குப் பொறி செய்தளித்தவர் மான்செசுட்டரின் பேயர் பீக்காக் நிறுவனத்தார். குடைவழிக்குள் புகுந்ததும் இப்பொறி, வெளியேறும் ஆவியைப் புகைபோக்கிக்கு விடாமல் குழாய்வழியே தன் பக்கத்து நீருக்குள் திருப்பி விழுங்கும். ஆவி அடங்கும், கரிப்புகை அடங்காது. விழுங்க விழுங்க நீர் சூடேறும். சூடேறிய நீரைக் கொதிகலத்துக்குள் செலுத்துவது கடினம். ஆதலின் அவ்வப்போது வெந்நீரைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் நிரப்புவர். ஓட்டுநர்க்குக் கூரை உண்டோ எனின், தொடக்கத்தில் இல்லை. குடைவழியில் மழை பெய்யாது. முதலில் வந்த பதினெட்டும் சூபிட்டர், மார்சு, மெதூசா எனப் பெயர் பெற்றன. அவற்றுள் ஒன்று செர்பெரசு, அதாவது கீழுலக வாயில் காக்கும் முத்தலை நாய். பதினெட்டுள்ளும் பொருந்திய பெயர் இதுவே என்பது எம் துணிபு.

1(ஆ) ஊர்ப்பெயர்ப் பக்கத்தாங்கி. வில்லியம் இசுட்ரவுட்லி என்பார் பிரைட்டன் பணிமனையில் 1872 முதல் 1880 வரை செய்த ஐம்பது குறும்பொறிகள் இவை. இலண்டனின் தென்புறத்தும் கீழ்ப்புறத்தும் ஓடின. பாப்லர், இசுடெப்னி, டெட்போர்டு முதலான புறநகர்ப் பெயர்களைப் பூண்டன. ஊர்ப்பெயர் பூண்ட பொறி அவ்வூர்க்கே செல்லும் என மயங்கற்க. இவற்றின் நிறம் பொன்மஞ்சள்; அதற்கு இசுட்ரவுட்லி வழங்கிய பெயர் ‘மேம்பட்ட பொறிப்பச்சை’. இதனை வழு என்னாது வழுவமைதி என்க. டெரியர் என்னும் சிறுநாயின் பெயராலும் மக்கள் இவற்றை அழைத்தனர். ஈருட்பிரிவிலும் நாய் வருதலைக் கொண்டு நாய்ப்பொறி எனத் தனிவகை வேண்டுவார்க்கு, நீர் நிற்கும் இடத்தால் வகுத்தோம் என யாம் முன்னரே விடை கூறிவிட்டோம்.

வகை 2. சேணத்தாங்கி. நீர்ப்பெட்டி கொதிகலத்தின் முதுகில் கவிந்திருக்கும். துறைமுகத்திலும் ஆலைகளிலும் மிகுதி; புறநகர் மக்கள் இதனை அரிதிற் கண்டனர். இவ்வளவு போதும்.

வகை 3. அடித்தாங்கி. நீர் சட்டத்தினுள் ஒளிந்திருக்கும். வெளியே நின்று நோக்குவார்க்குத் தோன்றாது. சோசப் பீட்டி என்பார் இலண்டனின் தென்மேற்குப் புறநகர்க்கென 1863 முதல் செய்வித்தவை இவ்வகையின. புதியன வந்ததும் ஏனையவை ஒதுக்கப்பட, மூன்று மட்டும் கார்ன்வாலில் வெண்களிமண் ஏற்றும் வளைந்த தடமொன்றில் 1962 வரை உழைத்தன. மூன்றனுள் இரண்டு இன்றும் உள.

வகை 4. பின்தாங்கி. நீரும் கரியும் ஓட்டுநரின் முதுகுப்புறம் இருக்கும். அமெரிக்கராகிய மத்தயாசு போர்னி இதற்குக் காப்புரிமை பெற்றார். நியூயார்க்கில் தெருவின் மேலே தூண்கள்மீது அமைந்த தடத்தில் இவை ஓடின; கீழே நடப்போர் தலையில் தணலும் எண்ணெயும் சொட்டின. மின்பொறி வந்தபின் நீங்கின.

வகை 5. முன்தாங்கி. மாணாக்க, இதுவே நம் ஊர்க்குரியது, நிமிர்ந்து கேள். வெல்ட் கீ கடற்கரையில் 1907இல் எழுந்த இருப்புப்பாதை நிலையத்தில் மணிக்கூண்டு உண்டு; வண்டிச்சீட்டும் அன்று உண்டு. தடம் இல்லை, பொறி இல்லை. சீட்டு வாங்கியோர் படகேறி அக்கரையில் பிறைக்குச் சென்று ஆங்கே தொடர்வண்டி ஏறினர். 1967இல் அக்கரை நிலையம் பிறையிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மாறிற்று. இக்கரைக் கட்டடம் இன்று சுங்கத்துறையிடம் உள்ளது. ஏனைய நான்கும் நீரைப் பக்கத்திலோ முதுகிலோ அடியிலோ பின்னோ வைத்தன. பினாங்கு நிலையம் தன் நீரை எதிரே வைத்தது. கொள்ளளவிலும் இதனை மிஞ்சியது பிறிதில்லை.

இவ்விடத்தே ஒரு தடை எழும். படகும் கரி சுமந்தது, ஆவியால் இயங்கிற்று, பின்னாளையது முன்னும் பின்னும் ஒப்ப ஓடிற்று; அதனைத் தாங்கிப்பொறி எனலாகாதோ எனின், ஆகாது. தாங்கிப்பொறி நீரைத் தாங்கும். படகை நீர் தாங்கும். எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறின.

புறனடை. 1880களில் சார்ச்சு நகர்த் தெருக்களில் நீராவி டிராம் ஓடியது. பின்னர் மின் டிராம் வந்து 1936இல் மறைந்தது. இவை தடத்தில் ஓடினும் தெருவுக்குரியன, தெருவியலுள் காண்க. 1923இல் ஓடத் தொடங்கிய பினாங்குக் கொடிமலை வண்டியையும் சேர்க்க வேண்டுவர் சிலர். அதன் மின்பொறி மேலே நின்றபடியே வடத்தால் பெட்டிகளை ஏற்றி இறக்கும். அதற்கு ஒரு வகை வேண்டும் என்பார், மலையேறிப் பொறியின் அருகே ஒரு பகல் நின்று, அது எத்திசையில் எத்தனை அடி நகர்ந்தது என எழுதிக் கொணர்க.