தச்சர் பையியல்

சூத்திரம்: கொள்ளல், மூடல், தாங்கல், திறத்தல், காத்தல் எனப் பையின் அறிவு ஐந்தே.

உரை: உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்த தொல்காப்பியர் மரபியலில் பைகளுக்கு இடம் வைக்கவில்லை. காலை ஏழு மணிக்குக் கொழும்பில், கொட்டாஞ்சேனைப் பஸ் தரிப்பிடத்தில் நின்றிருந்தால் வைத்திருப்பார்.

ஓரறிவுடையது உரப்பை. யூரியா வந்த பை. கொள்ளல் ஒன்றே அறியும். வாள், சீவுளி, சுத்தியல், மூலைமட்டம், சோற்றுப் பார்சல் என்ற பேதம் அதற்கில்லை. கைதேர்ந்த தச்சுப் பாஸ்மார் பலர் இதையே தூக்கித் திரிவது ஆராய்ச்சிக்குரியது.

ஈரறிவுடையது ரெக்சின் பை. சிப் போனதும் ஓரறிவுக்கு இறங்கிவிடும். மரப்பெட்டிக்கு அறிவு மூன்று: 101ஆம் இலக்கப் பஸ்ஸில் இடம் கிடைக்காதபோது ஆளையும் தாங்கும்.

நான்காவதாகிய திறத்தலைக் கற்பித்தவை சோதனைச் சாவடிகள். 2009இல் போர் முடியும்வரை, வெள்ளவத்தையில் உளியும் துறப்பணமுமாகப் போகும் தமிழருக்குப் பை எவ்வளவு விரைவில் திறக்கும் என்பதே அதன் இலக்கணம். வாரும் கொளுவியுமாகப் பூட்டிய பை அங்கே பேச்சை வளர்க்கும். உரப்பையைக் கவிழ்த்துக் கொட்டினால் விசாரணை பாதி முடிந்த மாதிரி.

இனி, காத்தல் அறிந்த தோற்பை. மெழுகு நூலால் கையால் தைத்தது. ஒவ்வோர் உளிக்கும் தனி அறை. இதன் பெருமை பொய்யன்று. தீட்டிய உளி சுத்தியலோடு உரசினால் வாய் மழுங்கும். உரப்பையில் கிடந்தால் பையைத் துளைத்துத் தொடையையும் பதம் பார்க்கும். தடித்த தோலுறை இரண்டையும் தடுக்கும்.

ஆயினும் ஆவாரம் பட்டை, கடுக்காய் முதலியவற்றால் பதனிட்ட தோலில் துவர்ப்பு தங்கும். வெள்ளவத்தையிலோ காலி வீதியிலிருந்து ஓர் ஒழுங்கை இறங்கினால் கடல். உப்புக் காற்றின் ஈரத்தைத் தோல் குடித்து உருக்குக்கு ஊட்டும். உளி துருப்பிடிக்கும், துருவும் துவர்ப்பும் கூடித் தோலில் கருங்கறை படியும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய நம் முன்னோருக்கு இது புதினமல்ல. தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் பூஞ்சணமும் பூக்கும். ஆதலால் இரவில் உளிகளை வெளியே எடுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். ஐந்தறிவுப் பை அப்போது வெறும் பையாகத் தூங்கும். முழுப் பை எதற்கு, உளி வாய்க்கு மட்டும் ஒரு தோலுறை போதும் என்பது இவ்வுரைகாரன் துணிபு.

தோற்பை உடையார் அதை ஏற்கார். அவர் பெரும்பாலும் மாடிவீட்டு ஞாயிற்றுக்கிழமைத் தச்சர். பை லண்டன் மைத்துனர் அனுப்பியது. விருந்தினர் அதை முகர்ந்து பார்த்துப் பாராட்டுவர். அவர் வீட்டுக் கட்டிற்கால் ஆடினால் பாஸ் வருவார், உரப்பையோடு.

புறனடை: ஆயுத பூசையன்று உளியும் வாளும் சாமியறைக்குள் பொட்டு வைத்துக்கொள்ள, மாட்டுத் தோல் என்ற குற்றத்துக்காகப் பை வாசலில், செருப்புகளின் பக்கத்தில் நிற்கும். உள்ளேயோ ஆடு, மாடு, எருமைத் தோல்களால் ஆன மிருதங்கம் சந்தனத்தோடு வீற்றிருக்கும். எனவே தட்டினால் ஒலிக்கும் தோல் உயர்திணை, ஏனையது அஃறிணை என்று கொள்க. உளிகளோடு குலுக்கினால் பையும் ஒலிக்குமே என்பாரும் உளர். அவர் கூற்றை வீட்டு அம்மம்மா ஏற்கவில்லை.